மேய விட்டதும் முட்டை பாதியானது ஏன்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் வீட்டில் 15 கிராமப்பிரியா கோழிகள் வளர்க்கிறேன், வயது பத்து மாதம். அடைத்து வளர்த்தபோது தினமும் 10, 11 முட்டை கிடைத்தது. தீவனச் செலவைக் குறைக்கலாம் என்று நவம்பர் கடைசியிலிருந்து காலை 7 மணிக்கே தேயிலைக்குள் திறந்து விடுகிறேன். சாயங்காலம் கொஞ்சம் மக்காச்சோளம் போடுகிறேன். இப்போது 5 முட்டைதான். மேய்ச்சல் ஒத்துக்கொள்ளவில்லையா, இல்லை குளிரா?

பதில்: மேய்ச்சல் முட்டையைக் குறைக்காது. 7 மணிக்குத் திறப்பதுதான் முதல் சந்தேகம். பெரும்பாலான கோழிகள் விடிந்ததிலிருந்து மதியத்துக்குள் முட்டையிட்டுவிடும். அந்த நேரத்தில் உங்கள் கோழிகள் தேயிலைச் செடியின் அடியில் இருக்கின்றன. மேலே இலை மூடி, கீழே காய்ந்த சருகு. கோழிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே கிடப்பதைக் கீரிதான் எண்ணிக்கொண்டிருக்கும்.

இதை உறுதி செய்ய, பத்து நாள் வெளியே விடாமல் அடைத்து, கோழிக்கு 120 கிராம் முட்டைக்கோழித் தீவனம் கொடுத்து எண்ணுங்கள். இரண்டு மூன்று நாளிலேயே எண்ணிக்கை 8, 9 என்று ஏறினால், கோழிகள் இத்தனை நாளும் வெளியே இட்டு வந்திருக்கின்றன. ஏனென்றால் ஒரு மஞ்சள் கரு வளர ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதன்மேல் வெண்கருவும் ஓடும் சேர்ந்து முட்டை வெளிவர இன்னும் ஒரு நாள். தீவனக் குறையால் நின்ற முட்டை இரண்டே நாளில் திரும்பாது. எண்ணிக்கை மெதுவாக ஏறினால் தீவனம்தான் காரணம்.

ஒளித்து இடுவது உறுதியானால், மூன்று நான்கு கோழிக்கு ஒன்றாக, ஓரடி நீள அகலத்தில் இருட்டான பெட்டி வைத்து, உமியோ வைக்கோலோ பரப்பி, உள்ளே முட்டைபோல் ஒரு பிளாஸ்டிக் பந்தைப் போட்டு வையுங்கள். முட்டை கிடக்கும் இடத்தில்தான் அடுத்த கோழியும் உட்காரும். பிறகு மதியம் 12 மணிக்கு மேல் திறந்தால் போதும். பனி ஈரமும் அதற்குள் காய்ந்துவிடும். தோட்டத்தில் பழைய குவியல் அகப்பட்டால் விற்காதீர்கள். எப்போது இட்டது என்று யாருக்கும் தெரியாது.

அடுத்தது தீவனம். புல்லும் புழுவும் மஞ்சள் கருவின் நிறத்தைக் கூட்டும். தினம் முட்டையிடும் கோழிக்கு அது மட்டும் பசி தீர்க்காது. ஒரு முட்டை ஓட்டுக்கே இரண்டு கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். மக்காச்சோளத்தில் அது இல்லை என்றே சொல்லலாம், புரதமும் போதாது. மலைக்குளிரில் உடம்பைச் சூடாக வைக்கவே தீனியில் ஒரு பங்கு போய்விடும். எனவே மேய்ந்தாலும் கோழிக்கு 100 கிராம், 15-க்கு ஒன்றரைக் கிலோ முட்டைக்கோழித் தீவனம் கொடுங்கள். காலையில் 600 கிராம், அடையும் முன் மீதி. மக்காச்சோளம் கோழிக்கு 10 கிராமுக்கு மேல் வேண்டாம். கிளிஞ்சல் தனிக் கிண்ணத்தில் எப்போதும் இருக்கட்டும். நீண்டு முற்றிய கிக்குயூ புல் கழுத்தடி இரைப்பையில் சுருண்டு அடைத்துக்கொள்ளும். மேயும் இடத்தில் அதை வெட்டிக் குட்டையாக வையுங்கள்.

உங்கள் ஊகமான குளிரைவிட வெளிச்சம் முக்கியம். டிசம்பரில் நீலகிரியில் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம்தான். முட்டைக்கு 14 மணி நேரம் தேவை. கொட்டகையில் ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பை அதிகாலையில் எரிய விடுங்கள். பல்பைப் போடும் நேரத்தை வாரம் அரை மணி என்று முன்னுக்குக் கொண்டுவந்து, 4 மணிக்குப் போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாலையில் போட்டுத் திடீரென அணைத்தால், பரண் ஏறாத கோழி இருட்டில் தரையிலேயே தவித்து நிற்கும்.

பக்கத்துக் காய்கறித் தோட்டத்தில் மருந்து அடிக்கும் நாட்களில் கோழிகளை அவிழ்க்கவே வேண்டாம். ஈரமண்ணில் மேய்வதால் குடற்புழு ஏறும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் புழுமருந்து கொடுங்கள். அந்த மருந்துக்கு எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.