ராமநாதபுரத்தில் ஓட்ட, 2014 டொயோட்டா கேம்ரி கார்: ஹைபிரிட்டா, பெட்ரோலா?

கேள்வி கேட்டவர் வாரம் இருமுறை மதுரை போய் வருபவர்; வீடோ கடலோரத்தில். நான் பெட்ரோலையே வாங்கச் சொல்வேன்.

பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட், எரிபொருளை அதிகம் மிச்சப்படுத்துவது, நின்று நின்று நகரும் நெரிசலில்தான். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை அது பேட்டரியில் சேர்த்துக்கொள்கிறது. மதுரைச் சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது பிரேக்குக்கு வேலை குறைவு, மிச்சமும் குறையும்.

அப்புறம் பேட்டரி. பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் அது, காருக்குள் இருக்கும் காற்றை இழுத்துத்தான் குளிர்கிறது. நம்மூர் மணல் தூசி அந்தத் துவாரத்தை அடைத்தால் பேட்டரி சூடேறும், ஆயுள் குறையும். பத்து வயது தாண்டிய பேட்டரியை மாற்ற நேர்ந்தால் லட்சக்கணக்கில் செலவு. இன்னொன்று: ஹைபிரிட்டில் பிரேக் டிஸ்க் குறைவாகத் தேய்வதால், உப்புக்காற்றில் துரு தங்கிவிடும்.

ஆனாலும் ஹைபிரிட்டில் எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர், மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் தனியாக இல்லை; கெட்டுப்போகும் பாகங்கள் அந்த அளவுக்குக் குறைவு. பேட்டரியைச் சோதித்த அறிக்கையோடு நல்ல விலைக்கு வந்தால் சரி, யோசிக்கலாம்.

எதை எடுத்தாலும் பட்டறை லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பாருங்கள். பாம்பன் பாலத்து இரும்பையே அரித்த காற்று இது. பிரேக் குழாய், சைலன்சர் இணைப்பு, சஸ்பென்ஷன் போல்ட் எதிலாவது துரு செதிலாக உரிந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.