லார்ட் ஹை அட்மிரல்: பிலிப் கடற்படையை நடத்தினாரா?

வணக்கம். 2011-இல் லார்ட் ஹை அட்மிரல் (கடற்படைத் தலைவர் பதவி) ஆன இளவரசர் பிலிப், பிரித்தானியக் கடற்படையை நடத்தினார் என்று கட்டுரையில் எழுதலாமா எனக் கேட்டிருந்தீர்கள். அந்த வரியை நீக்கிவிடுங்கள்.

ஒருகாலத்தில் உண்மையான அதிகாரம் கொண்டிருந்த அப்பதவியின் பொறுப்புகளை 1709 முதல் ஆணையர் குழுவே கவனித்துவந்தது. 1827-இல் அப்பதவி கிளாரன்ஸ் கோமகனிடம், அதாவது பின்னாளில் மன்னரான நான்காம் வில்லியமிடம், மீண்டும் தரப்பட்டது. இளமையிலேயே கடற்படையில் பணியாற்றியவர் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை போலும், தம் ஆலோசனைக் குழுவிடம் சொல்லாமலே கப்பல் அணியொன்றைக் கடலுக்கு அழைத்துச் சென்று, மோதல் முற்றி, 1828-இலேயே விலக நேர்ந்தது.

1964-இல், அதுவரை கடற்படையை நிர்வகித்த அட்மிரால்டி என்ற துறை பாதுகாப்பு அமைச்சகத்தோடு இணைக்கப்பட்டபோது பட்டம் அரசி எலிசபெத்திடம் சென்றது. அதைத்தான் அவர் கணவருக்கு 90-ஆவது பிறந்தநாளில் வழங்கினார். எனவே "கௌரவப் பட்டம் பெற்றார்" என்று எழுதுங்கள். 2021-இல் பிலிப் மறைந்ததும் அது அரசியிடமே திரும்பியதையும் சேர்த்துக்கொள்ளலாம்.