ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கடையைக் கட்டிய பிறகும் சிலர் ஃபோர்டு காரை விடாமல் வைத்திருப்பது ஏன்? அந்த நிறுவனத்தின் கதை என்ன?

என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். என்னிடம் இருப்பது 2012ஆம் ஆண்டு ஃபிகோ டீசல். வீடு கூடுவாஞ்சேரியில். அந்த வண்டி பிறந்த மறைமலை நகர் ஆலை ஜி.எஸ்.டி. சாலையில் எங்களுக்குத் தெற்கே, பக்கத்தில்தான் இருக்கிறது.

போன ஆண்டு பழைய கார் வாங்கி விற்கும் ஒரு கடையில் சும்மா விலை கேட்டுப் பார்த்தேன். விற்கும் எண்ணமில்லை, ஊர் என்ன மதிக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான். கடைக்காரர் பானெட்டைத் திறக்கவே இல்லை. "கம்பெனியே இல்லாத வண்டி சார்" என்றார். அவர் சொன்ன தொகைக்கு ஒரு நல்ல ஸ்கூட்டர் வாங்கலாம். வணக்கம் சொல்லிவிட்டு அதே வண்டியில் வீட்டுக்கு வந்தேன்.

வரும் வழியெல்லாம் அந்த வாக்கியம்தான் மனத்தில் ஓடியது. ஏனென்றால் ஃபோர்டின் பெயரை உலகமறியச் செய்த முதல் வண்டியே, கம்பெனியைக் கண்ணால் பார்க்காதவர்கள் தாங்களே பழுது பார்த்து ஓட்டிய வண்டி.

ஹென்றி ஃபோர்டுக்கு எடுத்த எடுப்பில் எதுவும் கைகூடவில்லை. 1899இல் டெட்ராய்டில் தொடங்கிய முதல் நிறுவனம் மூடப்பட்டது. இரண்டாவதிலிருந்து 1902இல் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறினார். அவர் விட்டுப்போன நிறுவனம்தான் பிறகு காடிலாக் ஆனது. 1903 ஜூனில் மூன்றாவதாகத் தொடங்கியதுதான் இன்றைய ஃபோர்டு மோட்டார் கம்பெனி. கையில் இருந்த ரொக்கம் 28,000 டாலர். ஜூலையில் சிகாகோ பல் மருத்துவர் ஒருவர் முதல் காரை வாங்கியபோது வங்கிக் கணக்கில் மிஞ்சியிருந்தது 223 டாலர் 65 சென்ட் என்று சொல்வார்கள். அந்தப் பல் மருத்துவர் இன்னும் ஒரு மாதம் யோசித்திருந்தால், எனக்கு இந்தப் பதிலை எழுதும் வேலை இருந்திருக்காது.

1908இல் மாடல் டி வந்தது. அசெம்பிளி லைன், ஐந்து டாலர் தினக்கூலி எல்லாம் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கின்றன, விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1913இல் ஹைலேண்ட் பார்க் ஆலையில் நகரும் பாதை வைத்தபின், ஒரு சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, பூட்ட ஆன பன்னிரண்டரை மணி நேரம் ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. வேலை அவ்வளவு சலிப்பானது என்பதால் ஆட்கள் நிற்கவில்லை. 1914 ஜனவரியில் நாளுக்கு ஐந்து டாலர் என்று அறிவித்ததற்கு முக்கியக் காரணம் அதுதான், தரும சிந்தனை மட்டுமல்ல. அந்தக் கூலி கிடைக்கத் தொழிலாளி குடிக்கிறானா, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறானா என்று பார்க்க ஆள் அனுப்பினார்கள் என்பதையும் பாடத்தில் சேர்த்திருக்கலாம். எப்படியோ, 850 டாலருக்கு வந்த கார் 1920களின் நடுவில் 260 டாலருக்கு இறங்கியது. 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி ஆலை அல்ல, அதை வாங்கியவர்கள். மாடல் டியை ஓட்டுவது இன்று நமக்குச் சர்க்கஸ் போலத் தோன்றும். காலடியில் மூன்று மிதிகள். ஆனால் ஒன்றுகூட ஆக்சிலரேட்டர் இல்லை. இடது மிதி கியருக்கு, நடு மிதி பின்னால் போக, வலது மிதி பிரேக். வேகத்தைக் கூட்டக் குறைக்க ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு நெம்புகோல். இன்னொரு நெம்புகோல் தீப்பொறி விழும் நேரத்தை முன்பின் தள்ளுவதற்கு. அதைப் பின்தள்ள மறந்துவிட்டு முன்னால் போய் எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுழற்றினால், எஞ்சின் எதிர்த்திசையில் உதைத்து மணிக்கட்டை ஒடித்துவிடும். அப்படி ஒடித்துக்கொண்டவர்கள் ஏராளம். பெட்ரோல் தொட்டி முன் இருக்கைக்கு அடியில் இருந்தது. எவ்வளவு மிச்சம் என்று பார்க்க இருக்கையைத் தூக்கிக் குச்சி விட்டுப் பார்க்க வேண்டும். எரிபொருளைத் தள்ள பம்ப் கிடையாது, தானாக வழிந்து வர வேண்டியதுதான். அதனால் தொட்டியில் பெட்ரோல் குறைவாக இருந்து மேடு செங்குத்தாக வந்தால், வண்டியைத் திருப்பிப் பின்புறமாகவே மலையேற்றினார்கள்!

ஆனாலும் விவசாயிகள் அதைக் கொண்டாடினார்கள். சேற்றிலும் மேடுபள்ளத்திலும் போகும் உயரம், வனேடியம் கலந்த எஃகு, கழற்றிப் பூட்ட எளிதான எஞ்சின். பின்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, அதில் பெல்ட் மாட்டி மரம் அறுத்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள். நம் ஊரில் ஆயில் எஞ்சினை வண்டியில் ஏற்றி வயலுக்கு வயல் கொண்டுபோய் இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த மனசு புரியும். எந்தச் சத்தத்துக்கு எதைத் தட்டவேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உரிமையாளரே பாதி மெக்கானிக்.

அந்த வெற்றியே ஹென்றி ஃபோர்டின் கண்ணைக் கட்டியது. 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறம் மட்டும்தான். வண்டியை மாற்ற வேண்டும் என்று சொன்னவர்களை அவருக்குப் பிடிக்காது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறம் கொடுத்தது, தவணை கொடுத்தது, ஆண்டுக்கொரு புது முகம் கொடுத்தது. கடைசியில் 1927 மே மாதம் மாடல் டியை நிறுத்தியபோது அடுத்த வண்டி தயாராகவே இல்லை. மாடல் ஏ மக்கள் முன் வந்தது டிசம்பரில். ஓடிக்கொண்டிருந்த ஆலையை நிறுத்திவிட்டு, அதன் பிறகு அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிப்பது அந்த நிறுவனத்துக்குப் பரம்பரைப் பழக்கம்போல.

1957இல் ஆரவாரத்தோடு வந்து இரண்டே ஆண்டுகளில் விழுந்த எட்ஸெல், 1964 ஏப்ரலில் வந்து முதல் நாளிலேயே 22,000 ஆர்டர் குவித்த மஸ்டாங், பின்னாலிருந்து மோதினால் பெட்ரோல் தொட்டி தீப்பிடிக்கும் என்ற குற்றச்சாட்டில் 1978இல் திரும்ப அழைக்கப்பட்ட பின்டோ என்று ஏற்ற இறக்கம் நீளும். 2006இல் நீலநிற நீள்வட்டச் சின்னம் உட்பட ஏறக்குறைய எல்லாவற்றையும் அடகு வைத்து 2,300 கோடி டாலருக்கும் மேல் கடன் வாங்கினார்கள். அன்று சிரித்தவர்கள் உண்டு. 2009இல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவால் நீதிமன்றத்துக்குப் போனபோது, ஃபோர்டு போகவில்லை.

நம் ஊர்ப் பகுதிக்கு வருகிறேன். 1926இலேயே கனடா கிளை வழியாக இந்தியாவுக்கு வந்து, 1950களில் மூடிக்கொண்டு போன நிறுவனம் இது. இரண்டாவது வரவு 1995இல், மஹிந்திராவோடு கூட்டு. முதலில் எஸ்கார்ட். 1999இல் ஐகான். அது வந்த நாளில் நான் கல்லூரியில் இருந்தேன். 1.6 பெட்ரோல் ஐகான் ஒன்று தாம்பரம் சிக்னலில் புறப்பட்டுப் போனதைப் பார்த்துவிட்டு, அன்று பஸ்ஸைத் தவறவிட்டேன். அதுவரை கார் என்றால் மைலேஜ், பின்சீட்டில் எத்தனை பேர் உட்காரலாம் என்பதுதான் எங்கள் வீட்டுப் பேச்சு. ஓட்டுகிறவனுக்கு ஒரு சந்தோஷம் உண்டு என்று நினைத்துச் செய்த வண்டியாக ஐகான் தெரிந்தது.

2010இல் ஃபிகோ வந்தது. என்னுடையது 1.4 லிட்டர் டீசல், 68 குதிரைத்திறன் சொச்சம். பிரெஞ்சு நிறுவனமான பெஜோ சித்ரோயனோடு சேர்ந்து உருவாக்கிய எஞ்சின் அது. எண்ணில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஸ்டியரிங்! மோட்டார் வைத்து இலேசாக்கிய ஸ்டியரிங் இல்லை, ஹைட்ராலிக். சாலை கையில் பேசும். ஏலகிரி ஏறும்போது பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு திருப்பினேனோ அவ்வளவு திரும்பியது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பின்சீட்டிலிருந்த என் மாமியார் மட்டும் "மெதுவாகப் போங்கள் மாப்பிள்ளை" என்றார். உங்கள் 'ஏன்' என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அந்த ஸ்டியரிங்தான்.

விடாமல் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் என்னைப்போலக் காதல் கொண்டவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வெளிநாட்டு உரிமையாளர்களின் கதையில் கசப்பு அதிகம். அமெரிக்காவில் 2011 முதல் 2016 வரையிலான ஃபியஸ்டாவிலும், 2012 முதல் 2016 வரையிலான ஃபோகஸிலும் பவர்ஷிஃப்ட் என்ற இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வந்தது. வழக்கமான ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய் சுழன்று அதிர்ச்சியை உள்வாங்கிக்கொள்ளும். இதில் அது இல்லை; கணினி இயக்கும் இரண்டு உலர் கிளட்ச்சுகள் மட்டும். எரிபொருள் மிச்சமாகும் என்பது கணக்கு. நெரிசலில் ஊர்ந்து போகும்போதோ வண்டி நடுங்கியது, இழுக்கத் தயங்கியது. கூட்டு வழக்கு நடந்து சமரசத்தில் முடிந்தது. ஆஸ்திரேலியாவில், புகார் கொண்டுவந்தவர்களிடம் ஓட்டும் விதம்தான் கோளாறு என்று சொல்லி அனுப்பியது உள்பட வாடிக்கையாளர்களை நடத்திய முறைக்காக, 2018இல் நீதிமன்றம் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. மாடல் டிக்காரன் தன் வண்டியைத் தானே திறந்து பார்த்தான். இவர்களால் திறக்கவும் முடியவில்லை, சொன்னதை நம்பவைக்கவும் முடியவில்லை.

இன்னொன்று நமக்கு நெருக்கமானது. 2018 முதல் அமெரிக்காவில் விற்ற எகோஸ்போர்ட் என்ற சிறிய எஸ்.யு.வி. மறைமலை நகரில் செய்து கப்பலேற்றியது. அதில் வந்த ஒரு லிட்டர் எஞ்சினில் எண்ணெய்ப் பம்பை இயக்கும் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் பாகம் பழுதாகலாம், அப்படி ஆனால் எண்ணெய் அழுத்தம் போய் எஞ்சின் நின்றுவிடலாம் என்று 2023 இறுதியில் ஃபோகஸையும் சேர்த்து ஏறக்குறைய 1,40,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அந்த அறிவிப்பு வந்தபோது மறைமலை நகரில் கார் உற்பத்தி நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

2021 செப்டம்பர் 9 அன்றுதான் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தும் முடிவை அறிவித்தார்கள். பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம், ஏறத்தாழ 4,000 பேருக்கு வேலை போகும் என்றார்கள். மறைமலை நகரில் கடைசிக் கார் 2022 ஜூலையில் வெளிவந்தது. குஜராத்தின் சானந்த் ஆலை டாடாவுக்குப் போனது. இந்தத் தோல்விக்கு என் கணக்கு எளிது: ஓட்டுகிறவனுக்குக் கார் செய்தார்கள், வாங்குகிறவனுக்குச் செய்யவில்லை. வாங்குகிறவன் கேட்டது மலிவான உதிரிபாகம், பக்கத்திலேயே ஒரு சர்வீஸ் சென்டர், விற்கும்போது நல்ல விலை. எகோஸ்போர்ட் 2013இல் வந்து சிறிய எஸ்.யு.வி. என்ற ஒரு புதுச் சந்தையையே திறந்துவிட்டது. மற்றவர்கள் ஆண்டுக்கொரு வண்டியாக அந்தச் சந்தைக்குள் நுழைந்தார்கள், ஃபோர்டு அதே எகோஸ்போர்ட்டைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தது. ஹென்றி ஃபோர்டு மாடல் டியை வைத்துக்கொண்டிருந்ததைப் போலவே.

சரி, இப்போது வண்டியை எப்படி ஓட்டுகிறோம்? சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று போகும்போது நிறுவனம் சொல்லியிருந்தது. ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச் போன்ற அன்றாடச் சாமான்கள் எளிதில் கிடைக்கின்றன. வெளி நிறுவனங்களும் செய்கின்றன. பம்பர், ஹெட்லைட், கதவுக் கண்ணாடி என்று வந்தால்தான் அலைச்சல். முதலில் சென்னையில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோடு, அங்கே இல்லையென்றால் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டை. அங்கே ஒருவர் என் வண்டியின் பக்கக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, பெயர் கேட்காமலே மூன்றாவது அடுக்கிலிருந்து ஒன்றை உருவி எடுத்தார். என் எஞ்சின் பழைய ஃபியஸ்டாவிலும் இருந்தது என்பதால் பாகங்களுக்குத் தட்டுப்பாடு கொஞ்சம் குறைவு. வாட்ஸ்அப் குழுவில் காலையில் வணக்கப் படங்களுக்கு நடுவே பாக எண்களும் வரும். டைமிங் பெல்ட்டை அடுத்த மாற்றத்துக்கும் சேர்த்து இப்போதே வாங்கி, அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வீட்டில் இதற்காக நான் கேட்ட பேச்சை இங்கே எழுத முடியாது.

பழைய ஃபோர்டு வாங்கலாமா என்பது உங்கள் கேள்வியில் ஒளிந்திருந்தால்: ஊரில் உங்களுக்கென்று ஒரு நல்ல மெக்கானிக் இருந்தால் கைகியர் ஃபிகோவோ ஆஸ்பயரோ எகோஸ்போர்ட்டோ வாங்குங்கள். இல்லையென்றால் வேண்டாம். ஆட்டோமேட்டிக் பக்கம் போகவே வேண்டாம் என்பேன். பெரிய எஸ்.யு.வி.யான எண்டெவர் அருமையான வண்டி, ஆனால் அதன் மின்னணுப் பாகம் ஒன்று போனால் செலவு தாங்காது. பதினைந்து ஆண்டு நெருங்கும் வண்டியென்றால், பதிவைப் புதுப்பிக்கும் செலவையும் விலை பேசும்போதே கழித்துக்கொள்ளுங்கள்.

2024 செப்டம்பரில், மறைமலை நகரை ஏற்றுமதிக்காக மீண்டும் பயன்படுத்தப் போவதாக ஃபோர்டு தமிழக அரசிடம் தெரிவித்தது. 2025 அக்டோபர் இறுதியில் ஒப்பந்தமும் கையெழுத்தானது: 3,250 கோடி ரூபாய் முதலீடு, 2029 முதல் எஞ்சின் உற்பத்தி. அந்தச் செய்தி வந்த வாரம் ஆயில் மாற்றப் பட்டறைக்குப் போயிருந்தேன். மெக்கானிக் வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, "கம்பெனி திரும்ப வருகிறதாமே சார், இனி பம்பர் கிடைக்குமா?" என்று கேட்டார். எஞ்சின் மட்டும்தான், அதுவும் கப்பலுக்கு என்றேன். "அப்படியென்றால் புதுப்பேட்டைதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார்.