கொடியும் படப் புத்தகமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: படப் புத்தகத்தை எடுத்து வாசித்தால் நாலு பக்கம் தாண்டுவதற்குள் பாதிப் பிள்ளைகள் எழுந்து போய்விடுகிறார்கள். மொத்தம் 20 பேர். என்ன செய்யலாம்?
– அங்கன்வாடிப் பணியாளர், திருமங்கலம்

பதில்: எந்தத் தமிழில் வாசிக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். அச்சில் 'முயல் விரைந்து சென்றது' என்று இருக்கும். மூன்று வயதுப் பிள்ளை வீட்டில் அப்படி ஒரு பேச்சைக் கேட்டதே இல்லை. அதனால் முதல் நாள் எழுத்தைத் தொடாதீர்கள். படத்தைக் காட்டி, "முயலு வெரசா ஓடுதே, எங்க ஓடுது?" என்று நம்மூர்ப் பேச்சிலேயே சொல்லுங்கள். மறுநாள் அச்சில் உள்ளபடி ஒரு வரி, உடனே பேச்சில் ஒரு வரி. மூன்றாம் நாள் அச்சில் உள்ளது மட்டும் போதும்; 'விரைந்து' என்றால் என்னவென்று அதற்குள் பிடித்திருப்பார்கள். ஒரே புத்தகத்தை ஒரு வாரம் ஓட்டலாம். சலிப்பு நமக்குத்தான் வரும், அவர்களுக்கு வராது.

20 பேருக்கு ஒரு புத்தகம் எட்டாது. பத்துப் பத்தாகப் பிரித்து அரைவட்டமாக உட்கார வையுங்கள். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் படம் இருட்டடிக்கும். பிள்ளைகளுக்குப் பின்னால் இருந்தால் வழவழப்பான தாள் பளபளத்துக் கண்ணைக் கூசும். வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும். புத்தகத்தைத் தோளுக்குப் பக்கத்தில் பிடித்து, கீழ் மூலையைத் தொட்டுப் பக்கம் திருப்பினால் கை படத்தை மறைக்காது. மூன்று வயதுக்கு ஐந்தாறு நிமிடம் தாராளம்.

கேள்வி: ஆகஸ்ட் 15-க்குப் பிள்ளைகளை வைத்தே காகிதக் கொடி செய்தோம். தாள் சுருண்டுவிட்டது, பாதிப் பேர் தலைகீழாகப் பிடித்தார்கள். எப்படிச் செய்வது?
– எல்கேஜி ஆசிரியை, மேலூர்

பதில்: கொடியின் நீளமும் உயரமும் 3:2 என்ற கணக்கில் இருக்க வேண்டும். சின்னக் கைக்கு 22.5 செ.மீ. நீளம், 15 செ.மீ. உயரம் சரியாக வரும். வெள்ளைச் சார்ட்டை அந்த அளவுக்கு வெட்டி, மேலே 5 செ.மீ. காவிப் பட்டை, கீழே 5 செ.மீ. பச்சைப் பட்டை ஒட்டச் சொல்லுங்கள். நடுவில் வெள்ளை தானாகவே நிற்கும். சக்கரம் 4 செ.மீ. விட்டம், கருநீலம், 24 ஆரம். நாலு வயதுப் பிள்ளையிடம் 24 கோடு கேட்பது கொடுமை. நீங்களே வரைந்து, பிரதி எடுத்து வெட்டிக் கொடுங்கள். ஒட்டுவது மட்டும் அவர்கள் வேலை.

தாள் சுருள்வது பசையில் தண்ணீர் அதிகமானதால். ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் வைத்து, கண்ணாடி மாதிரி ஆகும்வரை கிளறி ஆற வையுங்கள். பூச்சி வராமலிருக்கத் துத்தம் போடும் பழக்கம் உண்டு. இங்கே வேண்டாம், அது விஷம், விரல் வாய்க்குப் போகும். அன்றைய பசை அன்றைக்கே தீரட்டும். விரலால் ஓரத்தில் மட்டும் தடவி, மேலே கனமான நோட்டை அரைமணி நேரம் வையுங்கள்.

தலைகீழ்ப் பிரச்சினை குச்சியில் இருக்கிறது. குச்சி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தால் எந்த முனையையும் பிடிப்பார்கள். மேல் முனை கொடியின் மேல் ஓரத்தோடு நிற்கட்டும், கீழே மட்டும் 15 செ.மீ. நீளட்டும். ஈர்க்குச்சி கண்ணைக் குத்தும். செய்தித்தாளைச் சுருட்டி ஒட்டிய குழலே நல்லது.

கொடியின் மேல் பிள்ளையின் பெயரோ பள்ளிப் பெயரோ எழுதக் கூடாது. விழா முடிந்ததும் ஒவ்வொன்றாக எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். காகிதக் கொடியைத் தரையில் வீசக் கூடாது, தனியிடத்தில் மரியாதையாக அப்புறப்படுத்த வேண்டும் என்பது கொடி விதி. தரையில் கொடிக் கோலம் போட்டு, அதன் மேலேயே பிள்ளைகளை ஓட விடுவதும் வேண்டாம்.

கேள்வி: நாலு வயது மகனுக்குக் காந்தி வேஷம். ஒட்டு மீசையைப் பார்த்தாலே அழுகிறான். தமுக்கத்தில் காந்தி மியூசியத்துக்கும் கூட்டிப் போகலாமா?
– ஒரு தாய், செல்லூர்

பதில்: மீசையை விட்டுவிடுங்கள். வெள்ளைத் துண்டு, வட்டக் கண்ணாடிச் சட்டம், ஒரு தடி போதும். காந்தி அரைவேட்டிக்கு மாறியது நம் மதுரையில்தான், மேல மாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோது, 1921 செப்டம்பர் 22. தேதி அவனுக்கு எதற்கு? "நெறைய பேருக்கு உடுத்த முழுத்துணி இல்ல, அதான் தாத்தாவும் சின்னத் துணி கட்டிக்கிட்டாரு" என்றால் புரிந்துகொள்வான். மேடையில் ஒரே வரி பேசினால் போதும்.

மியூசியத்துக்குத் தாராளமாகப் போகலாம். ஆனால் காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறைத் துணி அங்கே இருக்கிறது. அந்தப் பக்கம் இன்னும் சில வருடம் கழித்துக் காட்டிக்கொள்ளலாம்.