மணிலாவிலிருந்து ஒரே நாளில் போய்வர, பழமையும் பக்தியும் உள்ள கடலோர ஊர் எது?

மகள் மணிலாவில் மருத்துவம் படிக்கிறாள், அவளைப் பார்க்க அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறோம், ரிசார்ட் எல்லாம் வேண்டாம், அம்மா மாதா பக்தை, பழைய ஊர் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்கெனவே வந்த பதில்களில் விகானும் செபுவும் இருக்கின்றன. இரண்டும் அருமையான ஊர்கள். ஆனால் காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பும் தூரம் இல்லை. வேலைக்காகப் பத்தாங்கஸ் மாகாணத்தில் குடியிருந்தவன் நான். கண்ணை மூடிக்கொண்டு தால் என்ற ஊரைத்தான் சொல்வேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 'தால் பார்த்தாயிற்று' என்று சொல்லும் நம்மவர்களில் பலர் போனது தகாய்தாய் என்ற மலையூருக்கு. அங்கிருந்து ஏரிக்கு நடுவே தெரியும் எரிமலையைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அந்த எரிமலைக்கும் ஏரிக்கும் தால் என்றே பெயர். நான் சொல்லும் தால் ஊரோ ஏரிக்குத் தென்மேற்கில், பலாயன் வளைகுடாவைப் பார்த்தபடி ஒரு மேட்டின்மேல் இருக்கிறது. ஏரித் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் பன்சிபித் ஆறு ஊரை ஒட்டியே ஓடுகிறது.

சுற்றுலா வண்டிகள் எல்லாரையும் மேட்டில் இருக்கும் பெரிய கோயில் வாசலில் இறக்கிவிடும். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். முதலில் கீழே ஆற்றோரம் இருக்கும் கைசசாய் மாதா கோயிலுக்குப் போங்கள். அந்த ஊரின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

1603-ஆம் ஆண்டு ஹுவான் மனிங்காத் என்ற மீனவர் பன்சிபித் ஆற்றில் வலை வீசினார். வலையில் மீனோடு ஒரு சிறு மரச் சொரூபமும் வந்தது. அமல உற்பவ மாதாவின் உருவம், ஒரு சாணுக்குச் சற்று அதிகமான உயரம். ஆற்றுக்குள் அது எப்படி வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஊரில் மரியா எஸ்பிரித்து என்ற கைம்பெண் தன் வீட்டில் வைத்து அதைப் பராமரித்தார். சொரூபம் மாலையானால் பேழையிலிருந்து காணாமல் போகும், பிறகு தானாகத் திரும்பி வந்திருக்கும் என்பது ஊர் வழிவழியாகச் சொல்லும் கதை. ஒருமுறை போனது திரும்பவே இல்லை. 1611-இல் விறகு பொறுக்கப் போன இரண்டு பெண்கள், மரியா பகோஹின், மரியா தலாயின், ஒரு ஊற்றுத் தண்ணீரில் அந்த உருவத்தின் நிழலைக் கண்டார்கள். நிமிர்ந்து பார்த்தால் புதரின்மேல் சொரூபம், இருபக்கமும் எரியும் மெழுகுவத்திகள், காவலுக்கு மீன்கொத்திப் பறவைகள். சொரூபம் அந்த இடத்திலேயே இருக்க விரும்புகிறது என்று முடிவுசெய்து அங்கேயே கோயில் எழுப்பினார்கள். முதலில் ஓலையும் மரமும். 1639-இல் பவளப்பாறைக் கல்லில் கட்டினார்கள்.

இப்போதும் அந்தச் சொரூபம் பீடத்தில் இருக்கிறது. வாசலில் இருந்து பார்த்தால் பட்டாடையும் கிரீடமும்தான் தெரியும். முகத்தைப் பார்க்கப் பீடத்தருகே போக வேண்டும். உள்ளங்கை அகலம்கூட இல்லாத முகம். பெரிய பெரிய சொரூபங்களைப் பார்த்துப் பழகிய நம் கண்களுக்கு அந்தச் சிறு உருவத்தின் முன்னால் ஒரு நாடே மண்டியிடுவது மனதை என்னவோ செய்யும். 1954 டிசம்பர் 8 அன்று, போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் அனுப்பிய கர்தினால் ஒருவர் வந்து இந்த மாதாவுக்கு முடிசூட்டினார். பத்தாங்கஸ் மக்களுக்கு அதெல்லாம் பிறகு வந்த மரியாதை. கப்பலில் வேலைக்குப் போகிறவரும், நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போகிறவரும் புறப்படும் முன் இங்கே வந்து ஒரு வத்தி ஏற்றாமல் போவதில்லை.

சீன வம்சாவளி மக்கள் இங்கே வருவதும் கவனிக்க வேண்டியது. 1639-இல் ஸ்பானியருக்கு எதிரான சீனர் கலகத்தில் ஹைபிங் என்ற சீனக் கல்தச்சர் கொல்லப்பட்டு, மாதாவின் அருளால் உயிர்பெற்றார் என்றொரு கதை உண்டு. இந்தக் கோயில் கட்டுவதில் கைவேலை செய்தவர் அவர் என்பார்கள். தென்சீனக் கடலோரத்தார் வணங்கும் மாசூ என்ற கடல் தெய்வமும் கைசசாய் மாதாவும் ஒருவரே என்று நம்பும் பிலிப்பினோ-சீனக் குடும்பங்கள் பல. ஊதுவத்தி கொளுத்துபவரும் செபமாலை உருட்டுபவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது எரிமலை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அது இல்லாமல் இந்த ஊர் புரியாது. அகுஸ்தீன் சபைத் துறவிகள் 1572-இல் நிறுவிய பழைய தால் ஏரிக்கரையில் இருந்தது. இன்று அந்த இடத்தில் சான் நிகோலாஸ் என்ற ஊர் இருக்கிறது. பழைய கோயிலின் இடிபாடுகளை அங்கே காணலாம். 1732 முதல் மாகாணத் தலைநகரமாகவும் அந்தப் பழைய தால் இருந்தது. 1754 மே மாதம் எரிமலை வெடிக்கத் தொடங்கி டிசம்பர் வரை அடங்கவில்லை. தால், லிபா, தனாவான், சாலா என்று ஏரியைச் சுற்றியிருந்த ஊர்கள் அழிந்தன. பிழைத்தவர்கள் ஓடி ஒதுங்கிய இடம் கைசசாய் கோயில். கொதிப்பு அடங்கிய பிறகு பழைய இடத்துக்குத் திரும்பாமல் கோயிலுக்கு மேலே இருந்த மேட்டிலேயே புது ஊர் கட்டினார்கள். இந்த ஊரில், தஞ்சம் புகுந்த கோயிலைச் சுற்றி ஊர் வளர்ந்தது. எனக்குத் தால் மேல் பிடிப்பு வரக் காரணம் இதுதான். நாலு தெரு பழைய வீடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கும் ஊர்கள் உலகத்தில் எத்தனையோ. உயிருக்கு ஓடி வந்த இடத்திலேயே வேர்விட்டு, இன்றும் அதை மறக்காமல் வணங்கும் ஊர் அபூர்வம்.

அதே வெடிப்பு ஏரியையும் மாற்றியது. முன்பு கடலோடு சேர்ந்து உப்புத் தண்ணீராக இருந்தது. வழி அடைபட்டபின் மெல்ல மெல்ல நன்னீரானது. கடல் மீனான மத்தி இனத்தில் ஒன்று உள்ளேயே தங்கி நன்னீருக்குப் பழகிவிட்டது. தவிலிஸ் என்று பெயர், உலகில் வேறெங்கும் கிடையாது. 2019-இல் அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. அதனால் உணவகத்தில் கண்டாலும் கேட்காதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

கைசசாயிலிருந்து மேட்டுக்கு 125 கற்படிகள். சான் லொரென்சோ ரூயிஸ் படிகள் என்கிறார்கள். ஏறும் வழியில் கிளை பிரிந்து போனால் சாந்தா லூசியா கிணறு. அந்தப் பெண்கள் மாதாவின் நிழலைக் கண்ட ஊற்று இதை ஒட்டித்தான். பாசி படர்ந்த பவளக்கல் வளைவின் கீழே சிறிய கிணறு. கயிற்றில் வாளி கட்டி இறைத்து முகம் கழுவுவார்கள், பாட்டிலில் பிடித்துப் போவார்கள். நோய் தீரும் என்ற நம்பிக்கை. அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் படி வேண்டாம், மேலே வண்டியில் போகலாம். ஆனால் கிணற்றுக்கு மட்டும் எப்படியாவது கூட்டிப்போங்கள்.

மேட்டில் நிற்பது தூர்ஸ் நகரப் புனித மார்ட்டின் பேராலயம். 1755-இல் கட்டிய கோயில் 1849 நிலநடுக்கத்தில் போனது. இப்போதிருப்பது 1856-இல் தொடங்கிய வேலை. 1865-இல் திறந்தார்கள், பீடம் முடிய 1878 ஆயிற்று. கிட்டத்தட்ட 90 மீட்டர் நீளம், 45 மீட்டருக்கு மேல் அகலம். ஆசியாவிலேயே பெரிய கத்தோலிக்கக் கோயில் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கூரையை அண்ணாந்து பாருங்கள்: செதுக்கிய கட்டங்கள் போலத் தெரிவது வெறும் ஓவியம். மணிக்கூண்டில் ஏற அனுமதித்தால் மகளை அனுப்புங்கள். ஒரு பக்கம் ஓட்டுக் கூரைகள், மறுபக்கம் வளைகுடா. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும் பிள்ளைகள் பெரியவர்களின் கையை எடுத்துத் தங்கள் நெற்றியில் ஒற்றிக்கொள்வதைப் பார்ப்பீர்கள். உங்கள் அம்மாவின் கையையும் எடுத்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

அடுத்து வீடுகள். கீழே கல், மேலே மரம், ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் கபீஸ் சிப்பி. தட்டையான சிப்பியைச் சதுரமாக வெட்டி மரச் சட்டத்தில் பொருத்தியிருப்பார்கள். வெளியே கொளுத்தும் வெயில் அந்தச் சிப்பி வழியே உள்ளே பால் நிறமாகத்தான் வரும். எல்லா வீட்டையும் பார்க்க நேரம் போதாது. இரண்டு பெண்களின் வீடுகளை மட்டும் தவறவிடாதீர்கள்.

ஒன்று மார்செலா அகொன்சில்லோ வீடு. பிலிப்பைன்ஸின் முதல் தேசியக்கொடியை 1898-இல் ஹாங்காங்கில் தைத்தவர் இந்த ஊர்ப் பெண். மூத்த மகள் லொரென்சாவும், ஸ்பானிய ஆட்சியை எழுத்தால் எதிர்த்த தேசிய வீரர் ஹோசே ரிசாலின் உறவுப்பெண் டெல்பினாவும் உடனிருந்து தைத்தார்கள். பட்டுத் துணி, ஐந்து நாள் வேலை. அந்தக் கொடிதான் அதே ஆண்டு ஜூன் 12 அன்று கவித் நகரில் சுதந்திரப் பிரகடனத்தின்போது விரிக்கப்பட்டது. கணவர் பெலிப்பே அகொன்சில்லோ நாட்டின் முதல் தூதர். பாரிஸ் உடன்படிக்கையில் ஸ்பெயின் பிலிப்பைன்ஸை அமெரிக்காவுக்குக் கைமாற்றியபோது எதிர்ப்பு தெரிவிக்கப் போனவர். அவரும் தால்காரர்.

மற்றொன்று கிளிசேரியா மரெல்யா வில்யாவிசென்சியோ வீடு. கணவர் யூலாலியோ, ரிசாலின் எழுத்துகளை ஊருக்குள் கொண்டுவந்து பரப்பியவர். பின்னர் மணிலா சிறையில் கிடந்து, வெளியே வந்தபின் விரைவிலேயே இறந்துபோனார். கிளிசேரியா ஒடுங்கவில்லை. தன் வீட்டைப் புரட்சிக்காரர்களுக்குத் திறந்துவிட்டார், 'புலுசான்' என்ற கப்பலையே போராட்டத்துக்குக் கொடுத்தார். புரட்சியின் ஞானத்தாய் என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். பக்கத்திலேயே கணவர் கல்யாணப் பரிசாகத் தந்த வீடும் இருக்கிறது.

கடைத்தெருவில் வாங்க வேண்டியது தையல் வேலைதான். பரோங் என்ற ஆண்கள் மேலாடையில் பூ வேலை செய்வதில் தால் பெண்கள் பேர்பெற்றவர்கள். கலாதோ என்ற முறையைக் கேட்டுப் பாருங்கள். துணியிலிருந்து சில இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிட்டு, மிச்சமுள்ள இழைகளை ஊசியால் கட்டிக்கட்டிச் சல்லடைபோல ஆக்குவார்கள். விரல் நீளப் பட்டைக்கே அரை நாள் போகும். அன்னாசி நார்த் துணியில் செய்தது என்றால் விலை அதிகம், ஆனால் அந்த உழைப்புக்கு அது நியாயம். பலிசோங் என்ற மடிப்புக் கத்தியும் இந்த ஊர்ச் சரக்கு. பார்த்து ரசியுங்கள், விமானத்தில் கைப்பையில் கொண்டுவர முடியாது.

சாப்பாடு: மீன் சாப்பிடுபவர் என்றால் சினாயிங் நா துலிங்கான். சிறு சூரை மீனை உள்ளங்கையால் தட்டித் தட்டையாக்கி, வாழையிலையில் சுற்றி, புளிப்புக்குக் காய்ந்த காமியாஸ் (நம் பிலிம்பிக்காய்) போட்டு மண்சட்டியில் மணிக்கணக்காக வேகவைப்பது. நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும். சில சமையல்காரர்கள் சட்டியில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு, வேண்டாம் என்றால் கேட்டுக்கொள்ளுங்கள். லோங்கனிசா என்ற தொத்திறைச்சி, தப்பா என்ற பதப்படுத்திய இறைச்சி இரண்டும் இங்கே பன்றி. சைவம் என்றால் சுமான் என்ற ஒட்டரிசிப் பலகாரம், வேர்க்கடலை வெல்லத்தில் செய்த பனுச்சா, கூடவே பராகோ காப்பி. லிபெரிக்கா வகைக் கொட்டை, நல்ல காட்டம்.

போகும் வழி: மணிலாவின் புவெந்தியாவிலிருந்து லெமெரி போகும் பேருந்துகள் உண்டு. லெமெரி பக்கத்து ஊர், தாலில் இறங்கிக்கொள்ளலாம். சுமார் 110 கிலோமீட்டர், மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் கிளம்பினால் நெரிசல் குறைவு. ஊருக்குள் ட்ரைசைக்கிள். அரசு நடத்தும் அருங்காட்சியக வீடுகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. எரிமலை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது: 2020 ஜனவரி 12 அன்று வெடித்தபோது சாம்பல் மூடி ஊரையே காலி செய்ய நேர்ந்தது. ஆகவே புறப்படும் முன் எரிமலைகளைக் கண்காணிக்கும் ஃபிவால்க்ஸ் என்ற அரசு நிறுவனத்தின் எச்சரிக்கை நிலையை மகளிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

கைசசாய் திருவிழா டிசம்பர் 8, புனித மார்ட்டின் திருவிழா நவம்பர் 11. திருவிழா நாளில் கூட்டம் தாங்காது, வயதானவரை வைத்துக்கொண்டு போவது சிரமம். உங்கள் பயணத் தேதி அந்தப் பக்கம் விழுந்தால், திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னதாக ஒரு வாரநாளில் போங்கள். அலங்கார வேலை நடந்துகொண்டிருக்கும், அம்மா பீடத்தருகே போய் நின்று முகத்தைப் பார்க்கவும் முடியும்.