‘ஸ்டீப்’ என்றால் செங்குத்து மட்டும்தானா? – ஆங்கிலச் சொல்வளம்: வாசகர் கேள்வி பதில்

போட்டித் தேர்வுக்காகத் தினமும் 50 ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்கிறேன். ஒரே வாரத்தில் பாதிக்கு மேல் மறந்துபோகிறது. என்ன வழி?
– மாணவி, குன்னூர்

முதலில் 50ஐ 10 ஆக்குங்கள். பட்டியலைத் திரும்பத் திரும்பப் படிக்கும்போது சொல் பழகிய முகமாகத் தெரியும். தெரிந்துவிட்டது என்று ஏமாந்துபோவோம். கண்ணால் பார்ப்பது வேறு, நினைவிலிருந்து இழுத்து எடுப்பது வேறு. இரண்டாவதுதான் பதியும்.

அதற்கு அட்டை முறை நல்லது. தபால் அட்டையில் பாதி அளவு போதும். முன்பக்கம், சொல் வந்த வாக்கியத்தை எழுதி, சொல்லின் இடத்தில் முதல் எழுத்தும் ஒரு கோடும் போடுங்கள். பின்பக்கம் சொல், தமிழ்ப் பொருள், கூடவே வரும் இரண்டு சொற்கள், எந்த அசையில் அழுத்தம் என்ற குறிப்பு. ஐந்து பெட்டிகள் வையுங்கள். முதல் பெட்டியைத் தினமும் பாருங்கள். அடுத்தவற்றை 2, 4, 8, 16 நாட்களுக்கு ஒருமுறை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தவறினால் முதல் பெட்டிக்கே திரும்பும். அறிவியல் எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய முறை இது.

ஒரு எச்சரிக்கை. ‘இமிக்ரேட்’, ‘எமிக்ரேட்’ போன்ற இரட்டையரை ஒரே நாளில் படிக்காதீர்கள். இரண்டும் பின்னிக்கொண்டு, எது உள்ளே வருவது, எது வெளியே போவது என்பது கடைசிவரை தடுமாறும். ஒன்று மூன்றாவது பெட்டியைத் தாண்டிய பிறகு மற்றதைத் தொடுங்கள்.

எந்தச் சொற்களில் தொடங்குவது? மொழி ஆய்வாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைப்பவையும் ஒரு குடும்பம்) உள்ளன. தேர்வுக் கட்டுரைப் பகுதிகளில் அடிக்கடி தலைகாட்டுபவை அவைதான்.

எளிய சொற்கள் எல்லாம் தெரியும். உயர்தரமான, யாருக்கும் தெரியாத சொற்கள் வேண்டும்.
– சுற்றுலா வழிகாட்டி, ஊட்டி

யாருக்கும் தெரியாத சொல்லை வைத்துக்கொண்டு யாரிடம் பேசப்போகிறீர்கள்? தெரிந்த சொற்களின் தெரியாத பக்கங்களில்தான் உயர்தரம் இருக்கிறது.

‘ஸ்டீப்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். கல்லட்டி மலைப்பாதைக்கு அது செங்குத்து. மே மாத அறை வாடகைக்கு அது ‘அநியாய விலை’. தேயிலையைக் கொதிநீரில் ஊறவிடுவதும் ‘ஸ்டீப்’தான், அங்கிருந்துதான் ‘ஸ்டீப்ட் இன் ட்ரடிஷன்’, அதாவது மரபில் ஊறியது என்ற தொடர் வருகிறது. தேயிலை ஆலையில் இலையை வாட்டுவதை ‘விதரிங்’ என்கிறார்களே, அதே சொல் ‘லுக்’குடன் சேர்ந்தால், எதிரில் நிற்பவரைப் பொசுக்கிவிடும் பார்வை.

அடுத்தது சேர்க்கை. தமிழில் மழை கொட்டும், வெயில் கொளுத்தும். மழை கொளுத்துகிறது என்றால் சிரிப்பார்கள். ஆங்கிலத்திலும் அப்படியே: டீ ‘ஸ்ட்ராங்’, இன்ஜின் ‘பவர்ஃபுல்’, மாற்றிச் சொன்னால் இடறும். மழை ‘ஹெவி’, காற்று ‘ஸ்ட்ராங்’. ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்கும்போதே, அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியங்களில் அது யாரோடு நடக்கிறது என்றும் பாருங்கள். இதை விட்டுவிட்டு ஒரே பொருள் தரும் சொற்களைத் தொகுத்த அகராதியிலிருந்து (‘தெசாரஸ்’) பெரிய சொல்லாகப் பொறுக்கிப் போடுவதால்தான் பலருடைய ஆங்கிலம் இரவல் கோட்டு போட்டதுபோல் இருக்கிறது.

விருந்தினரிடம் ‘டுடே கிளைமேட் சூப்பர்’ என்றேன். தவறு என்கிறார் மேலாளர். சரியா?
– விடுதி வரவேற்பாளர், கொடைக்கானல்

மேலாளர் சொல்வது சரி. இன்றைய வானிலை ‘வெதர்’. பல ஆண்டுகளின் சராசரிப் போக்கு, வழக்கமாக 30 ஆண்டுக் கணக்கு, ‘கிளைமேட்’. தமிழ்ப் பேச்சில் நாம் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். அதைக் குறை சொல்வதற்கில்லை, ஆங்கிலத்துக்குள் கொண்டுபோவதுதான் சிக்கல். (‘கிளைமேட்’டுக்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்குச் ‘சரிவு’ என்று பொருள். மலைக்காரர்களுக்கு மறக்காது.)

அப்படியே இன்னொன்று: மூடுபனியில் ஒரு கிலோமீட்டருக்குள் பார்வை மறைந்தால் ‘ஃபாக்’, அதற்கு அப்பாலும் தெரிந்தால் ‘மிஸ்ட்’.

ஆங்கில நாளிதழ் படிக்கும்போது தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்க்க வேண்டுமா?
– வாசகர், கோத்தகிரி

வேண்டாம். 100 சொல்லில் 2 தெரியாவிட்டால் ஊகித்தே போகலாம். 5ஐத் தாண்டினால் அந்தக் கட்டுரை உங்களுக்கு இன்னும் கடினம், எளிதானதற்கு மாறுங்கள். ஒரே சொல் மூன்றாம் முறை எதிர்ப்பட்டால் மட்டும் அட்டையில் ஏற்றுங்கள்.

வேர்ச்சொல் கற்பிப்பது பயன்தருமா?
– ஆசிரியர், கூடலூர்

தரும், அளவோடு. ‘ஸ்பெக்ட்’ என்றால் பார்ப்பது. இன்ஸ்பெக்டர் உள்ளே பார்ப்பவர், ப்ராஸ்பெக்டஸ் முன்னோக்கிப் பார்ப்பது, ரெஸ்பெக்ட் திரும்பிப் பார்ப்பது. மாணவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த நான்கைந்து சொற்களில் வரும் வேரை மட்டும் எடுங்கள். விலக்குகளையும் அன்றே சொல்லிவிட வேண்டும். ‘இன்’ வந்தால் எதிர்மறை என்று பழகிய பிள்ளை, பெட்ரோல் லாரியின் பின்னால் ‘இன்ஃப்ளேமபிள்’ என்று பார்த்துவிட்டு, தீப்பிடிக்காது என்று நினைத்துக்கொள்ளும். அங்கே அந்த ‘இன்’னுக்குத் தீ உள்ளே பற்றுவது என்று பொருள்.