ஜெர்மனியில் மோச்சி: கிலோ 14 யூரோ கொடுத்துத்தான் ஆகவேண்டுமா?

ஷ்டுட்கார்ட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ஒசாகாவில் சில வருடம் இருந்துவிட்டு ஜெர்மனிக்கு மாறியவர். எட்டு வயது மகனுக்கு வாரத்தில் பாதி நாள் மோச்சி (பசையரிசியை வேகவைத்து இடித்துச் செய்யும் ஜப்பானியப் பண்டம்) வேண்டும், பக்கத்து ஆசியக் கடையில் கிலோ 14 யூரோ. இதைவிட மலிவாக எங்கே கிடைக்கும், கொழுக்கட்டை மாவில் செய்துவிடலாமா, ஜப்பானில் இருக்கும் தோழியைப் பார்சல் அனுப்பச் சொல்லலாமா, ஜனவரியில் வரும் சைவ மாமனார் மாமியாருக்குக் கொடுக்கலாமா என்பவை கேள்விகள்.

முதலில் அந்த 14 யூரோவைப் பார்ப்போம். நீங்கள் வாங்குவது கிரிமோச்சி, அதாவது செவ்வகமாக வெட்டித் தனித்தனி உறையில் வரும் காய்ந்த வகை. ஒரு துண்டு பெரும்பாலும் 50 கிராம், ஆக கிலோவுக்கு 20 துண்டு, துண்டுக்கு 70 சென்ட். சர்க்கரை போட்ட ஐஸ்கிரீம் மோச்சியோடு ஒப்பிட்டால் இது கொள்ளை விலை இல்லை. ஆனால் வாரத்துக்கு ஆறேழு துண்டு போனால் மாதம் இருபது யூரோ பக்கம் வரும், அது உறுத்தத்தான் செய்யும்.

கடை மாற்றுவதற்கு முன் பாக்கெட்டை மாற்றுங்கள். 300, 400 கிராம் சின்னப் பாக்கெட்டுகளில் கிலோ விலை பெரும்பாலும் அதிகம், அலமாரிச் சீட்டில் சின்ன எழுத்தில் கிலோ விலை இருக்கும், அதைத்தான் பார்க்கவேண்டும். ஜப்பானியர் மோச்சியை அதிகம் தின்பது புத்தாண்டுக்கு, அதனால் சரக்கும் நவம்பர், டிசம்பரில்தான் நிறைய வந்து இறங்கும். மிஞ்சியதை ஜனவரிக் கடைசியில் தள்ளுபடியில் வைத்தால் தயங்காமல் அள்ளுங்கள். உறைக்குள் காற்று புகாமல் அடைத்திருப்பதால் மாதக்கணக்கில் இருக்கும், தேதியை மட்டும் பாருங்கள். ட்யூஸல்டார்ஃப் பக்கம் போக வேலை இருந்தால் இம்மர்மான் தெருவில் ஒரு சுற்று சுற்றலாம். ஐரோப்பாவின் பெரிய ஜப்பானியக் குடியிருப்புகளில் ஒன்று அந்த ஊர், கடைகள் அடுத்தடுத்து இருப்பதால் விலையை ஒப்பிட்டு வாங்க முடியும். இதற்காகவே ரயில் ஏறாதீர்கள், டிக்கெட் காசில் இரண்டு மாத மோச்சி வாங்கிவிடலாம்.

விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் பின்பக்கம் ஒட்டியிருக்கும் ஜெர்மன் சீட்டைப் படியுங்கள். பொருள் வரிசையில் க்ளேப்ரைஸ், அதாவது பசையரிசி மட்டும் இருந்தால் நல்லது. பசையரிசி மாவும் சோள மாவும் என்று இருந்தால் அது இடித்த மோச்சி இல்லை. வாட்டித் தின்ன ஒப்பேறும், சூப்பில் போட்டால் சீக்கிரம் கரைந்து குழம்பிவிடும்.

கொரியக் கடையில் அதே வெள்ளை நிறத்தில், உருளையாகவோ சாய்வாக வெட்டிய வில்லையாகவோ இருக்கும் தொக் என்ற கொரிய அரிசிப் பண்டத்தை மோச்சி என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள், பலரும் இதில்தான் ஏமாறுகிறார்கள். தொக்போக்கி என்ற காரமான கொரியப் பண்டத்துக்கும் சூப்புக்கும் போடும் அந்த வகை சாதாரண அரிசியில் செய்தது. மெல்லலாம், இழுத்தால் நீளாது. கொழுக்கட்டை மாவுக்கும் இதுவே பதில். நம் பச்சரிசியில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து கணிசமாக உண்டு, வெந்து ஆறியதும் அது இறுகிவிடும். மோச்சிகோமே என்ற பசையரிசியில் அது அநேகமாக இல்லவே இல்லை, கிட்டத்தட்ட முழுக்க அமைலோபெக்டின் என்ற இன்னொரு வகை மாவுச்சத்து, இழுபடும் குணம் அதிலிருந்து வருவது. எனவே கொழுக்கட்டை மாவு, இடியாப்ப மாவு எதுவும் ஆகாது.

ஆகும் மாவு ஒன்று இருக்கிறது, அது மலிவானதும்கூட. தாய்லாந்துப் பசையரிசி மாவு எந்த ஆசியக் கடையிலும் கிடைக்கும். எரவான் என்ற பெயரில் வருவதில் பச்சை உறைதான் பசையரிசி, சிவப்பு சாதாரண அரிசி மாவு, அவசரத்தில் மாற்றி எடுத்துவிடாதீர்கள். 100 கிராம் மாவில் 80 மில்லி தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைந்து, உருட்டி, கொதிநீரில் போட்டு, மேலே மிதந்தபின் இரண்டு நிமிடம் விட்டுக் குளிர்ந்த நீருக்கு மாற்றினால் பையனுக்குக் கினாகோவும் (வறுத்த சோயா மாவு) சர்க்கரையும் தூவிக் கொடுக்க அருமையான உருண்டை தயார். இதற்கெல்லாம் 70 சென்ட் துண்டை வீணாக்க வேண்டாம். ஆனால் வாட்டும்போது பந்துபோல உப்பி, மேலே மொறுமொறுப்பும் உள்ளே இழுவையும் வருகிறதே, அது மாவில் சரியாக வராது. அதற்கு முழு அரிசியை வேகவைத்து இடித்த மோச்சிதான் வேண்டும்.

அதையும் வீட்டில் செய்யலாம், அதுவும் உங்களிடம் இட்லிப் பானை இருந்தால் பாதி வேலை முடிந்தது. கொரியக் கடையில் சாப்ஸல் என்று கேளுங்கள். குட்டையான பசையரிசி, மோச்சிகோமேக்கு நெருங்கிய உறவு, பெரும்பாலும் அதைவிட விலை குறைவு. தாய்லாந்தின் நீளமான பசையரிசி இன்னும் மலிவு, ஆனால் மழமழப்பு அவ்வளவு வராது. அரை கிலோவை இரவு முழுக்க ஊறவைத்து, நன்றாக வடித்து, துணி விரித்து 40 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள், நடுவில் ஒருமுறை வெந்நீர் தெளித்தால் ஒரே சீராக வேகும். பிறகு சூடு ஆறுவதற்குள், கேக் மாவு பிசையும் கனமான மெஷினில் போட்டுப் பருக்கை தெரியாதவரை அடிக்க வேண்டும். ஒரே தடவையில் அரை கிலோவைத் தாண்டாதீர்கள், மோட்டார் திணறும். சின்ன மிக்ஸியில் முயலவே வேண்டாம். ஒட்டாமலிருக்க ஜப்பானில் தூவும் கதாகுரிகோ இன்று உருளைக்கிழங்கு மாவுதான், அது ஜெர்மனியில் எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் மலிவு. தட்டில் பரப்பி, மறுநாள் இறுகியதும் வெட்டி, ஃப்ரீஸரில் போட்டுவிடுங்கள். வெளியே வைத்தால் சில நாளில் பூஞ்சை பிடித்துவிடும்.

அப்புறம் பார்சல். வேண்டாம் என்பேன். தனிநபர் அனுப்பும் பரிசுக்கு 45 யூரோ மதிப்புவரை ஐரோப்பிய ஒன்றியத்தில் சுங்கமும் இறக்குமதி வரியும் இல்லை, அது சரி, ஆனால் அரிசிப் பண்டம் கனம், விமான அஞ்சல் செலவில் மோச்சி விலை காணாமல் போய்விடும். அங்கேயும் பழைய விலை இல்லை, 2025 வசந்தத்தில் ஜப்பானில் அரிசி விலை முந்தைய வருடத்தைப்போல இருமடங்கு ஆகியிருந்தது. யாராவது நேரில் வந்தால் பெட்டியில் இரண்டு கிலோ கேளுங்கள், அது லாபம். காசு கொடுத்து ஆன்லைனில் வாங்கினால் 2021 ஜூலையிலிருந்து எவ்வளவு சின்ன பார்சலுக்கும் இறக்குமதி வாட் வரி உண்டு.

மாமனார் மாமியாருக்கு வெறும் மோச்சி சுத்த சைவம், பிரச்சினை மோச்சி போட்டுப் புத்தாண்டுக்குச் செய்யும் ஓசோனி சூப்பில்தான். அதற்கு அடிப்படையான தாஷி என்ற சாறு வழக்கமாகக் கத்ஸுவோ மீனிலிருந்து எடுப்பது. கொம்புக் கடற்பாசியும் காய்ந்த ஷிடாகே காளானும் ஊறவைத்த நீரில் வெள்ளை மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) கரைத்தால் உங்கள் ஒசாகா ருசியே வரும், மிசோ டப்பாவில் தாஷி கலந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். ஜப்பானில் ஒவ்வொரு புத்தாண்டிலும் மோச்சி தொண்டையில் அடைத்து முதியவர்கள் இறக்கிறார்கள், டோக்கியோ தீயணைப்புத் துறை வருடாவருடம் எச்சரிக்கிறது. பல்செட் வைத்திருந்தாலோ விழுங்கச் சிரமப்பட்டாலோ கொடுக்கவே வேண்டாம். மற்றபடி வெந்த துண்டைக் கத்தரிக்கோலால் சின்னச் சின்னதாக நறுக்கி, முதலில் ஒரு வாய் சூப்பு குடிக்கவைத்து, பிறகு கொடுங்கள். பையனுக்கும் அதே அளவுதான், பேசிக்கொண்டே தின்னவிடாதீர்கள்.